படத்தில் இல்லை

வால்தெமோரால் ஊரின் கிறித்தவக் கோயில் கூரையில் உடைந்திருந்தது ஒரே ஒரு ஓடு. அதை மாற்றத் தேவைப்பட்டவை மூன்று: ஓர் ஏணி, இன்னொரு ஓடு, கால்மணி நேரம். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எலாதியோவிடம் ஏணி இருந்தது. மாமனார் காலத்துச் சூளையில் வெந்த நல்ல ஓடு ஒன்று, கோழிக்கூண்டு காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் கனத்துக்குக் கிடந்தது. கால்மணி நேரமோ, காஸ்டில் மேட்டுநிலத்துக் குளிர்காலத்தில் யாரிடமும் மூட்டை மூட்டையாக இருக்கும். இருந்தும் அந்த வேலை முடிய இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆயிற்று. அதற்குள் ஒரு நாய் அரசு ஊழியராகிவிட்டது. சூரியனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் போய்விட்டது.

ஒழுகல் விழுந்த இடம்தான் வம்பு. இடப்பக்கச் சுவரோரம், மூன்றாவது பெஞ்சு, முதல் ஆள் உட்காரும் இடம். முப்பத்தொரு வருடமாக அங்கே உட்கார்ந்து பூசை கண்டவள் எலாதியோவின் மனைவி பெர்பெத்துவா. கொஞ்சம் தள்ளி உட்காரலாமே என்று சொன்னவர்களுக்கு ஊர் நிலவரம் தெரியாது. தள்ளினால் அடுத்து இருப்பது ஃபெர்மினா. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பன்றியறுப்பின்போது, சோரிசோ என்ற காரப் பன்றித் தொத்திறைச்சிக்காகப் பெர்பெத்துவா பிசைந்து வைத்த கலவையை மோந்து பார்த்துவிட்டு ஃபெர்மினா "ம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த "ம்" முதல் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஆகவே பெர்பெத்துவா தள்ளவில்லை. கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து, பூசை தொடங்கியதும் விரித்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களுக்குப் பீடம் மறைந்தது. மழை பெரிதாக விழுந்த ஞாயிறுகளில் குடையின் சத்தத்தில் தோன் குமெர்சிந்தோ சாமியாரின் பிரசங்கம் யாருக்கும் கேட்கவில்லை. நவம்பர் மாதம் ஒருநாள், நனைந்த குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி, பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இந்தா பாரு மனுசா. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அந்த எடம் காஞ்சப்புறம் ஆள் அனுப்பு."

"ஒரே ஒரு ஓடுதான் பெர்பெத்துவா. நாளைக்கே ஏறி மாத்திர்றேன்."

"அப்ப நாளைக்கே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ரொட்டி வண்டியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

எலாதியோவுக்குச் சமைக்கத் தெரிந்தது பூண்டுச் சூப் ஒன்றுதான். அதுவும் பூண்டு சேரும் நாளில் உப்பு சேராது.

மறுநாள் அவர் ஏணியைச் சாத்தினார். சாமியார் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அது விழாமல் இருக்க அல்ல, அவர் ஏறாமல் இருக்க.

"எலாதியோ, எறங்கு. அனுமதி வேணும்."

"என்ன சாமி, ஓட்டுக்குக்கூடவா?"

"ஓட்டுக்கு இல்லப்பா. படத்துக்கு."

படம் என்றால், நூற்றைம்பது வருடத்துக்கு முன் உர்தாலெஸ் என்ற ஓவியர் இந்தக் கோயிலின் உட்புறத்தை எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிய படம். தூண்கள், முழந்தாளிட்ட இரண்டு பெண்கள், தூணில் சாய்ந்த ஒரு கறுப்புப் போர்வைக்காரர், தூங்கும் ஒரு நாய்; மேலிருந்து சரிந்து விழும் வெண்ணிற ஒளிக்கற்றை. அந்த ஒளிக்கற்றைதான் பேர்பெற்றது. பள்ளிப் புத்தகத்தில்கூட அதைப் போட்டிருந்தார்கள். அத்தனை வருடமும் அந்தப் படம் இதே கோயிலில், இதே மூன்றாவது பெஞ்சுக்கு மேலே, பழைய படங்களை மாட்டும் வழக்கப்படி தலை முன்பக்கம் சாய்ந்து, கீழே இருப்பவர்களின் செபத்தை ஒட்டுக்கேட்பதுபோலத் தொங்கியது. போன வசந்தத்தில்தான் மத்ரித்திலிருந்து அரச உட்புற ஓவியக் கழகம் வந்து, இந்தக் கோயிலில் ஈரம் அதிகம் என்று சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு போனது. படத்தில் உள்ள கோயில் என்பதால், இனி இதில் எதைத் தொட்டாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தது. அந்த ஆண்டு முதல் மழையிலேயே பெஞ்சில் சொட்டத் தொடங்கியது. கழகத்துக்குச் சாபம் கொடுக்கத் தெரியும்போல என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

எலாதியோ கழகத்துக்கு எழுதினார். ஐந்து மாதம் கழித்துத் தோன் லியோவிகில்தோ என்ற ஆய்வாளர் வந்து இறங்கினார். கையில் அட்டையில் ஒட்டிய படத்தின் புகைப்படம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு முத்திரைக்கட்டை. மை தொட்டுக்கொள்ளும் பெட்டியைச் சட்டைப்பைக்குள் இதயத்தருகே வைத்திருந்தார்.

"இந்தப் படம் உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்னங்க. வாரா வாரம் நான்தான் தூசி தட்டுவேன்."

"எதால?"

"கோழி இறகாலங்க."

தோன் லியோவிகில்தோ ஏதோ எழுதிக்கொண்டார். இறந்த நாளைக் குறிப்பதுபோல நிதானமாக எழுதினார்.

"இப்ப நாம நிக்கிறோமே, இது என்ன?"

"கோயில்ங்க."

"இல்ல. இது நகல். அசல் மத்ரித்ல இருக்கு. கழகத்தோட பட்டியல்ல இதுக்குப் பேரு 'கல்லாலான நகல், முழு அளவு, பிழைகளுடன்'."

எலாதியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கோயில் கட்டி எழுநூறு வருசம் ஆச்சுங்களே. படம் நேத்து வரைஞ்சது."

"அதத்தான் நானும் சொல்றேன். எழுநூறு வருசமா அசல் இல்லாமலே நின்னிருக்கு. எவ்வளவு பெரிய முறைகேடு. கழகம் பெருந்தன்மையா அதைக் கிளறாம விட்டிருக்கு."

பிறகு அவர் பொத்தலுக்கு நேர் கீழே போய் நின்று, புகைப்படத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. துடைக்கவில்லை. ஒளிக்கற்றை தொடங்குமிடம் இந்தப் பொத்தல்தான் என்று அவர் முடிவுசெய்தார். மாமேதை உர்தாலெஸ் மாலை ஐந்து மணிக்கு இதன்வழியே வந்த வெளிச்சத்தைத்தான் தீட்டியிருக்கிறார். இதை அடைத்தால் ஒளிக்கற்றையை அடைத்ததாகும். சட்டத்தில் அதற்கு இரண்டு வருடம் உள்ளே இருக்க வேண்டும்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது வடக்குச் சரிவு. சாயங்காலம் சூரியன் மேக்க வாசப் பக்கம்ல நிக்கும். நாப்பது வருசமா மணி அடிக்கிறேன், வடக்கேருந்து வெயில் வந்து நான் பார்த்ததில்ல."

"சூரியன் பட்டியல்ல இல்ல. படம் இருக்கு."

அன்று மாலைக்குள் தோன் லியோவிகில்தோ நகலின் பிழைகளைத் திருத்தத் தொடங்கினார். படத்தில் இல்லாத ஒவ்வொன்றின்மேலும் முத்திரை விழுந்தது. "படத்தில் இல்லை." இருபத்துநாலு பெஞ்சு, படத்தில் இல்லை. மின்விளக்கு, கடிகாரம், ஒலிபெருக்கி, படத்தில் இல்லை. கடைசியில் ஆய்வாளர் சாமியாருக்கு முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார்.

"சாமி, நீங்க இதுல இல்லையே."

"நான் அப்ப பொறக்கலைங்க."

"காரணம் எனக்குத் தேவையில்ல."

மரியாதைக்காக நெற்றியில் குத்தாமல் அங்கியின் கைமடிப்பில் குத்தினார். அன்றிலிருந்து தினமும் மாலை நாலு முதல் ஆறு வரை, தோன் குமெர்சிந்தோ பாவம் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் திரையை இழுத்துவிட்டு ஒளிந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பெஞ்சுகள் வைக்கோல் கொட்டகைக்குப் போயின. ஊரே தரையில் முழந்தாளிட்டது.

அடுத்தது, படத்தில் இருந்தும் கோயிலில் இல்லாதவர்கள். ஊரிலேயே தாத்தா காலத்துக் கறுப்புப் போர்வை வைத்திருந்தவர் எலாதியோ மட்டும்தான் என்பதால், அவர் தினம் இரண்டு மணி நேரம் தூணில் சாய்ந்து நிற்க வேண்டும். பூண்டுச் சூப்பால் இளைத்துப்போயிருந்ததால் போர்வை அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. அந்த இடைவெளியில் கோழிக்கூண்டு மேலிருந்த நல்ல ஓட்டைச் செருகி வைத்துக்கொண்டார். என்றைக்காவது ஒருநாள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான். இரண்டு பெண்கள் இடத்துக்கு ஃபெர்மினாவும் அவள் நாத்தனாரும் அமர்த்தப்பட்டார்கள். இடம்: ஒழுகலுக்கு நேர் கீழே. அதாவது பெர்பெத்துவாவின் இடம். சொட்டு உச்சந்தலையில் விழுந்தாலும் ஃபெர்மினா அசையவில்லை. ஆணை கிடைத்த மகிழ்ச்சியில் சளி பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இந்தச் செய்தியை ரொட்டி வண்டிக்காரர் அடுத்த ஊரில் இறக்கிவிட்டார். எலாதியோ ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய் மனைவியின் அக்கா வீட்டுக்கு முன்னால் நின்றார். மாடி ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"காஞ்சுதா?" என்றாள் பெர்பெத்துவா.

"இன்னும் இல்ல. கொஞ்சம் சிக்கலாயிருக்கு."

"கேள்விப்பட்டேன். என் எடத்துல அரசாங்கமே அவளக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கு. நீ பக்கத்துல போர்வையப் போத்திக்கிட்டு நின்னு பாத்துட்டு இருக்க."

"நான் பாக்கலம்மா. படத்துல அந்த ஆளு வேற பக்கம்தான் பாக்குறான்."

ஜன்னல் மூடியது. பிறகு திறந்தது. காகிதத்தில் சுற்றிய ஒரு சோரிசோ கீழே விழுந்தது. மறுபடி மூடியது. திரும்பும் வழியில் எலாதியோ அதைக் கடித்துக்கொண்டே நடந்தார். காரத்தால் கண் கலங்கியது என்று வழியில் பார்த்தவர்களிடம் சொன்னார்.

நாய்க்கு நியமனம் அவ்வளவு சுலபமில்லை. நிரந்தரப் பணி என்பதால் போட்டித் தேர்வு வைத்தாக வேண்டும். எழுபத்திரண்டு தலைப்புகளில் பாடத்திட்டம் வந்தது. மதுக்கடைக்காரரின் கனேலோ, மேய்ப்பரின் மாஸ்டின் இனக் காவல்நாய், தபால்காரரின் குட்டை நாய் என்று மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். ஐந்து கழக உறுப்பினர்கள் நடுவர்களாக வந்து பீடத்தருகே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எழுத்துத் தேர்வில் மூன்று தடவை பாதத்தை மையில் தொட்டு வைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும்போது குரைக்கக் கூடாது. செய்முறைத் தேர்வு, தூங்குவது. மேய்ப்பரின் நாய் மணி அடிக்கும் முன்பே தூங்கிவிட்டதால் தகுதி இழந்தது. கனேலோ மூன்று தேர்விலும் தூங்கி முதலிடம் பெற்றது. பட்டியல் புத்தகத்தின்மேல் பாதம் வைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்தது. வருடம் மூன்று வாரம் விடுப்பு.

"விடுப்புல போனா யாரு தூங்குறது?" என்று மதுக்கடைக்காரர் கேட்டார்.

"மாற்றுப் பணியாளர். தபால்காரர் நாய்" என்றார் தோன் லியோவிகில்தோ.

"அது சரியாத் தூங்காதுங்க. கொசு பறந்தாக்கூட முழிச்சுக்கும்."

"அதனாலதான் அது. மாற்றுப் பணியாளருக்குத் திறமை இருக்கக் கூடாதுன்னு விதி. இருந்தா நிரந்தரப் பணியாளர் மனசு புண்படும். கழகத்தைக் கட்டிக் காப்பாத்துற விதியே அதுதான்."

போர்வைக்குள் ஓட்டைப் பிடித்தபடி நின்ற எலாதியோ இதையும் கேட்டுக்கொண்டார்.

எல்லாம் பொருந்தியது, வெளிச்சத்தைத் தவிர. தினமும் ஐந்து மணிக்கு எல்லாரும் தத்தம் இடத்தில் நிற்க, தோன் லியோவிகில்தோ கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பொத்தலைப் பார்ப்பார். வடக்குச் சரிவில் வெளிச்சம் வராது. மழை வரும். நாற்பத்தொரு நாள் பார்த்துவிட்டு, சூரியன் தொடர்ந்து பணிக்கு வராதது குறித்து விளக்கம் கேட்டு, முகவரி தெரியாததால் வானாய்வுக்கூடம் வழியாக ஒரு கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று கழகம் தீர்மானித்தது.

மூன்றாவது குளிர்காலம் முடிகிற நேரத்தில் எலாதியோவுக்குப் பொறுமை போயிற்று. ரொட்டி வண்டியில் பெருஞ்சாலை வரைக்கும் போய், அங்கிருந்து பேருந்து பிடித்து மத்ரித்தில் இறங்கினார். போர்வையைப் போர்த்தியிருந்தார். ஓடு உள்ளே இருந்தது.

கழகத்தின் வாசலில் மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். மூன்றாவது மாடி என்றார்கள். மூன்றாவது மாடியில் முதல் மாடி என்றார்கள். நடுவில் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க ஒரு கதவில் சாய்ந்தார். கதவு திறந்துகொண்டது. உள்ளே நீள மேசைமேல் அந்தப் படம் கிடந்தது. வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டுத் தொட்டுப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படங்களைச் சுத்தம் செய்யும் எதெல்வினா அவள்.

"என்னம்மா இது, எச்சிலத் தொட்டா தொடைக்கிறீங்க?"

"எச்சில விட நல்ல மருந்து இன்னும் வரலைங்க" என்று திரும்பினாள். போர்வையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி போர்வையைப் பார்த்தாள். "நீங்க இதுலேருந்து எறங்கி வந்தீங்களா?"

"வால்தெமோரால்லேருந்துங்க. கோயில்பிள்ளை. நான்தான் இதுக்குக் கோழி இறகால..."

"கோழி இறகு நீங்கதானா? உங்களத்தான் மூணு வருசமாத் திட்டிட்டு இருக்கேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பெரியவரே, இங்க பாருங்க. இந்த ஒளிக்கற்றை. இதுல சாயமே இல்ல. மேல பூசின வார்னிஷ் தண்ணி பட்டு வெளுத்திருக்கு. அவ்வளவுதான். மேலேருந்து கீழ வரைக்கும் தண்ணி ஓடின தடம். அடியில உர்தாலெஸ் வரைஞ்சிருக்கிறது வெறும் சுவரு."

எலாதியோ நெடுநேரம் அதைப் பார்த்தார். தலை முன்பக்கம் சாய்ந்து தொங்கிய படம். அதற்கு மேலே உடைந்த ஓடு. சொட்டுகள் படத்தின் மரச்சட்டத்தில் விழுந்து, படத்தின்மேல் வழிந்து, அடியில் சுவரோடு போய்விட்ட அத்தனை வருடம். படத்தைக் கழற்றிய பிறகு அது நேரே பெஞ்சில் இறங்கியது.

"இது என் பொண்டாட்டி ஒழுகலும்மா" என்றார்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "இத மேல சொன்னா என் வேலை போயிரும்" என்றாள்.

"உங்க வேலை போக வேணாம். கோழி இறகுலேருந்து கண்டுபிடிச்சேன்னு நான் சொல்லிக்கிறேன்."

கழகத்தின் பேரவை வியாழக்கிழமை கூடியது. நகலின் காவலர் என்ற முறையில் எலாதியோவுக்கு நின்றுகொண்டிருக்க அனுமதி கிடைத்தது. அவர் சொன்னதை எதெல்வினாவும் பஞ்சுக் குச்சியோடு உறுதிசெய்தாள். ஒன்பது உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள். அந்த ஒன்பது பேரும் ஒளிக்கற்றையைப் பற்றி எழுதித்தான் நாற்காலி பிடித்தவர்கள். தலைவர் தோன் எவாரிஸ்தோ எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"மேன்மைமிகு உறுப்பினர்களே, இந்த ஒளிக்கற்றையைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவன் நான். முதல் தொகுதியில் அது இறையருள் என்று நிறுவினேன். இரண்டாம் தொகுதியில் அது தேசத்தின் ஆன்மா என்று நிறுவினேன். நேரம் போதாமையால், மூன்றாம் தொகுதியில் முதல் இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். இதற்காகவே எனக்கு இந்தத் தலைமை நாற்காலி வழங்கப்பட்டது. இப்போது அது தண்ணீர் என்கிறார்கள். நான் தவறாக எழுதியிருந்தால் நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும். நாற்காலியைத் திருப்பித் தர இயலாது. ஆகவே நான் தவறாக எழுதவில்லை."

நீண்ட கரவொலி எழுந்தது.

"எனில், எஞ்சும் முடிவு ஒன்றே. உர்தாலெஸ் தீட்டியது ஒரு சுவர். நூறாண்டுக்கும் மேலாகத் தூரிகை இன்றி, புகழ் நாடாமல், விடுப்பு எடுக்காமல் உழைத்து அதை ஓவியமாக்கியது அந்த ஒழுகல். இறையருளும் தேசத்தின் ஆன்மாவும் கூரையிலிருந்து சொட்டியதில் எனக்கு வியப்பில்லை. காலியாக உள்ள பதினோராம் நாற்காலிக்கு அந்த ஒழுகலை நான் முன்மொழிகிறேன்."

ஒன்பது கைகள் உயர்ந்தன. ஒருவர் தூக்கத்தில் உயர்த்தினார், அதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இதுவரை பொத்தல்தான் சட்டத்தில் இருந்தது. இப்போது ஒழுகலே கழக உறுப்பினர். கழக உறுப்பினரை நீக்க அரசராலும் ஆகாது. ரொட்டி வண்டி, ஜன்னல், பூண்டுச் சூப் எல்லாம் சாகும்வரை நீண்டு கிடப்பது எலாதியோவின் கண்முன் தெரிந்தது. போர்வைக்குள் ஓட்டைத் தடவினார். அதன் வளைவில் கை பட்டதும், ஏனோ, தபால்காரரின் நாய் நினைவுக்கு வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார்.

பேரவை திரும்பிப் பார்த்தது.

"உறுப்பினர்னா மத்ரித்துக்கு வந்து நாற்காலியில உக்காரணுமில்லீங்களா? ஊர்லயே சொட்டிக்கிட்டு இருந்தா, கழகத்த மதிக்கலன்னு ஆயிராதா?"

தோன் லியோவிகில்தோ விதிநூலைப் புரட்டினார். தொண்ணூறு நாளுக்குள் நேரில் வந்து அமர வேண்டும், நுழைவுரை ஆற்ற வேண்டும் என்று இருந்தது.

"அப்ப அந்த உடைஞ்ச ஓட்டோடதான் வரணும்" என்றார் எலாதியோ. "ஓடு இல்லாம அவரால ஒண்ணும் முடியாதுங்க. வந்துட்டா ஊர்ல அவர் எடம் காலியாயிருமே. காலியா விடலாமுங்களா?"

"கூடாது. மாற்றுப் பணியாளர் போடணும்" என்றார் தோன் லியோவிகில்தோ.

எலாதியோ போர்வையை விலக்கி ஓட்டை எடுத்து மேசையில் வைத்தார். கோழி எச்சத்தை மட்டும் கைக்குட்டையால் மறைத்தார்.

தலைவர் குனிந்து பார்த்தார். "இதுக்கு என்ன தகுதி?"

"ஒண்ணும் இல்லீங்க. இருபது வருசமா கோழிக்கூண்டு மேலதான் இருந்துச்சு."

"ஒழுகுமா?"

"ஒரு சொட்டுகூட ஒழுகாதுங்க. கொஞ்சம்கூடத் திறமை கெடையாது."

பேரவை முழுத்திருப்தி அடைந்தது.

ஏப்ரலில் விழா. உடைந்த ஓட்டை வெல்வெட் திண்டில் வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊர் இசைக்குழு ஊதியது. கனேலோ பணி நேரமாதலால் தூங்கிக்கொண்டிருந்தது. ஏணியில் ஏற எலாதியோவுக்கு எழுத்தில் அனுமதி இருந்தது. ஏறினார், மாற்றினார், இறங்கினார். பதினாலு நிமிடம் பிடித்தது.

ஒழுகல் போன பிறகு கோயில் படத்தைப்போல இல்லை என்று கண்டு, நகல் என்ற தகுதியைக் கழகம் பறித்துக்கொண்டது. தண்டனையாக, இனிமேல் அது வெறும் கோயில் என்று கடிதம் வந்தது. பெஞ்சுகள் அன்றே திரும்பின. சாமியார் தொட்டியிலிருந்து வெளியே வந்தார். கனேலோவை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை, அது நிரந்தரம்.

அடுத்த ஞாயிறு கொட்டும் மழை. ரொட்டி வண்டி வழக்கத்துக்கு மாறாகக் கோயில் வாசலில் வந்து நின்றது. பெர்பெத்துவா குடையோடு இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து, மூன்றாவது பெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். கையைப் புரட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். குடையை மடக்கிக் காலடியில் வைத்தாள்.

பக்கத்தில் இருந்த ஃபெர்மினா தும்மினாள். இரண்டு வருடச் சளி.

"சேசுவே" என்று, தும்மியவர்களுக்குச் சொல்லும் ஆசியைச் சொன்னாள் பெர்பெத்துவா, முன்னால் பார்த்தபடி.

"ம்" என்றாள் ஃபெர்மினா. இந்த "ம்" வேறு மாதிரி இருந்தது என்று எலாதியோவுக்குப் பட்டது.

சாமியார் ஐம்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். ஒலிபெருக்கி திரும்ப வந்திருந்தது. கூரைமேல் மழை அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது எலாதியோ, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எடம் நல்லாக் காஞ்சிருக்கு" என்றாள் பெர்பெத்துவா. "ஆனா பிரசங்கம் முழுசாக் கேக்குது. அதுக்கும் ஒரு ஓடு இருந்தாப் பாரு."

அடுத்த குளிர்காலத்தில் எதெல்வினாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உடைந்த ஓட்டைக் கழகத்தின் கூரையில், பதினோராம் நாற்காலிக்கு நேர் மேலே பதித்திருக்கிறார்களாம். முதல் மழையில் ஒழுகல் மூன்று மணி நேரம் நுழைவுரை ஆற்றியதாம். யாருக்கும் புரியாததால் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். ஆனால் கூரையின் சரிவு தலைவர் பக்கம் போல. சொட்டெல்லாம் தோன் எவாரிஸ்தோவின் கழுத்துக்குப் பின்னால் விழுகிறதாம். நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். தலைமை நாற்காலி அசையாச் சொத்து என்று தோன் லியோவிகில்தோ திருப்பி அனுப்பிவிட்டாராம்.

பெர்பெத்துவா கேட்டுவிட்டு உள்ளே போனாள். கறுப்புக் குடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இத அந்தக் கழுத்து நனையுற ஆளுக்கு அனுப்பிரு. எனக்கு எதுக்கு இனிமே?"

எலாதியோ அதைச் சாக்குத் துணியில் சுற்றித் தைத்து, ரொட்டி வண்டியில் கொடுத்தனுப்பினார்.

மார்ச் மாதம் அந்தப் பொட்டலம் திரும்பி வந்தது. நன்றிக் கடிதமெல்லாம் எதுவும் இல்லை. குடையின் கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது, அதில் முத்திரை: "படத்தில் இல்லை."

குடை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.